சின்ன மெஷின்ல ஆர்கான் வெல்டிங் பழகுனவங்க வாங்க, பேசுவோம்

பாளை ஷெட்டு:
வீட்டுக்குப் பின்னாடி தகர ஷெட்டுல கரண்ட் வெல்டிங் பண்ணிக்கிட்டு இருந்தவன், இப்ப ஆர்கான் பக்கம் வந்திருக்கேன். உருகுற இடத்தை ஆர்கான் கேஸால மூடிக்கிட்டு ஒட்டுறது, ‘டிக்’னும் சொல்லுவாங்க. மெஷின் பெருசெல்லாம் இல்ல. ராடு வெல்டிங்குக்குன்னு விக்கிற சாதா இன்வெர்ட்டர்ல ‘லிஃப்ட் டிக்’னு ஒரு சுவிட்சு இருக்கும்லா, அதான். டார்ச்சுல கையால திருகுற கேஸ் வால்வு. கரண்டைக் கூட்டிக் குறைக்கிற பெடலும் கிடையாது. இதுல ஒட்டுமான்னு கேக்குறவங்களுக்குச் சொல்லுதேன்: இரும்பும் எவர்சில்வரும் நல்லாவே ஒட்டும்.

கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும். 60 ஆம்ப்ஸ்ல ஆர்க் (டார்ச்சு நுனிக்கும் இரும்புக்கும் நடுவுல எரியுற மின்பொறி) வோல்டேஜ் 12 பக்கம்தான் நிக்கும், ராடு வெல்டிங்ல கிட்டத்தட்ட பாதிதான். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கு தாராளம்.

செலவு எங்கன்னா கேஸ்லதான். 10 லிட்டர் சிலிண்டர்ல சுமாரா 1,500 லிட்டர் ஆர்கான் அடைச்சிருப்பாங்க. நிமிசத்துக்கு 8 லிட்டர் வச்சா மூணு மணி நேரம், அவ்வளவுதான். கூட வச்சா நல்லா மூடும்னு சிலர் 15, 20ன்னு திறந்து விடுவாங்க. அது சுழிச்சிக்கிட்டு வெளிக்காத்தையும் உள்ள இழுத்துரும், கேஸும் போச்சு, வேலையும் போச்சு. உருண்டை மிதக்குற ஃப்ளோ மீட்டரோட ரெகுலேட்டர் வாங்குங்க. மெஷின்ல மிச்சம் பிடிச்ச காசை இதுல போடணும்ங்கிறது என் கட்சி.

ராடு வெல்டிங்லேர்ந்து வாரவங்க ஒண்ணைப் பாத்துக்கிடுங்க. ராடு ஹோல்டரை பிளஸ்ல மாட்டிப் பழகியிருப்போம். இதுல டார்ச்சு மைனஸ், எர்த்து பிளஸ். மாத்தி மாட்டினா சூடு முழுக்க டார்ச்சு நுனியில இருக்க டங்ஸ்டன் ஊசி பக்கம் ஏறி, முனை உருண்டு போயிரும்.

பணகுடிக்காரன்:
அண்ணாச்சி, உங்க ஊர்ல உக்காந்து கேஸ் கணக்கு சொல்லிட்டீங்க. எங்க ஊருக்கு ஆனி, ஆடியில வாங்க! ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வார காத்துல காத்தாடியே நிக்காம சுத்துது, டார்ச்சு வாயில இருக்க பீங்கான் கப்புலேர்ந்து வார ஆர்கான் எம்மாத்திரம்? வெல்டு முழுக்க ஊசிப் பொத்தலா வந்தா மெஷினைத் திட்டாதீங்க, காத்து எந்தப் பக்கம்னு பாருங்க. சீலிங் ஃபேன் காத்தே போதும் கெடுக்க. மூணு பக்கம் தார்ப்பாய் கட்டி, வேலையைத் தரையோட இறக்கி வச்சுத்தான் நான் பண்ணுதேன். அப்பவும் பெரிய காத்து அடிக்கிற மதியத்துல டார்ச்சைத் தொடுறதில்ல, அந்நேரம் ராடுதான். ராடுக்கு மேல பூசுன மருந்தே புகையாயி மூடிக்கிடும், காத்துக்கு அவ்வளவு பயப்படாது.

முக்கூடல்:
எனக்குக் கைதான் வசப்பட மாட்டேங்குது. வலது கை டார்ச்சை மூணு மில்லி உயரத்துல நிப்பாட்டணும், இடது கை, உருக்கி நிரப்புற கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளணும். எங்க தெருவுல பீடி சுத்துற அக்காமாரு டிவி பாத்துக்கிட்டே ரெண்டு கையிலயும் ரெண்டு வேலை பாக்காங்க, அந்தக் கை எனக்கு எப்ப வருமோ. இன்னொரு சந்தேகம்: அம்மாவோட இட்லிக் கொப்பரை அலுமினியம், அடியில கீறல் விட்டிருக்கு. இந்த மெஷின்ல அடைக்கலாமா?

பேட்டை பெரியவர்:
தம்பி, கம்பியே இல்லாம ஆரம்பி. ரெண்டு மில்லி தகட்டைக் கிரைண்டர்ல பளபளன்னு எடுத்து, 70 ஆம்ப்ஸ் வச்சு, உருகுன குளத்தை மட்டும் நேரா ஓட்டு. குளம் ஒரே அகலத்துல வந்த பெறவு கம்பி எடு. கம்பி குளத்தோட முன் ஓரத்துல தொட்டு எடுக்கணும், டங்ஸ்டனைத் தொடவே கூடாது. தொட்டா ஆர்க் பச்சையா அலையும். அப்பமே நிப்பாட்டி, முனையைத் தீட்டிட்டு வா. நீளவாக்குலதான் தீட்டணும், வட்டமா தீட்டினா ஆர்க் ஒரு இடத்துல நிக்காது. எங்க காலத்துல கேஸ் வெல்டிங் பழகாம ஆர்கான்ல கை வைக்க விட மாட்டாங்க. கை வேலை ரெண்டுக்கும் ஒண்ணுதான், அதான் சங்கதி.

சிவப்பு முனை டங்ஸ்டன் வாங்காதீங்க, அதுல தோரியம் இருக்கு, தீட்டுற தூசி நெஞ்சுக்கு ஆகாது. தங்கநிறம், நீலநிறம் ரெண்டும் லாந்தனம், அது போதும். ஜிஐ பைப்புன்னா துத்தநாகப் பூச்சை உரிச்சிட்டுத்தான் ஆர்க் அடிக்கணும், இல்லன்னா ராத்திரி குளிர்க்காய்ச்சல் அடிக்கும். தொட்டி, கெணறுன்னு பள்ளத்துக்குள்ள இறங்கி ஆர்கான் பண்ணாதீங்க. காத்தைவிடக் கனம் அது, அடியில தேங்கி மூச்சை முட்ட வைக்கும், வாடையும் கிடையாது.

பாளை ஷெட்டு:
பெரியவர் சொன்னதுக்கு மேல ஒரு சின்ன விசயம். இந்த வால்வு டார்ச்சுல ஆர்க் அணைஞ்ச பெறவும் கேஸ் ஓடும், நாமதான் மூடணும். அணைச்ச உடனே டார்ச்சைத் தூக்காம எட்டுப் பத்து செகண்டு அங்ஙனயே பிடிச்சா, கடைசிக் குழியும் கருக்காது, டங்ஸ்டனும் வெள்ளையா இருக்கும். எவர்சில்வர்ல தையல் வைக்கோல் நிறமா வந்தா சரி. கருஞ்சாம்பலா வந்தா சூடு கூடிப்போச்சு, இல்ல கேஸ் மூடல.

முக்கூடல் தம்பிக்கு: கொப்பரை இந்த மெஷின்ல ஆகாது. அலுமினியம் 660 டிகிரியில உருகிரும், மேல இருக்க ஆக்சைடு தோலு 2,000க்கு மேலதான் உருகும். தோலை உடைக்க ஏசி கரண்டு வேணும், நம்மது வெறும் டிசி. ஏசி மெஷின் வச்சிருக்க கடையில குடுங்க. கூலி கேட்டுட்டு, புதுக் கொப்பரை விலையையும் ஒரு தடவை விசாரிச்சிருங்க.