பெஞ்ச் பிரஸ்: ‘அழுத்து’ வேண்டாம், ‘உந்து’ என்போம்

அன்புடைய கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

வலுதூக்கும் (பவர்லிஃப்டிங்) போட்டி விதிகளைத் தமிழில் எழுதுவதற்காகச் சென்ற வாரம் இங்கு இடப்பட்ட பட்டியலில், ‘பெஞ்ச் பிரஸ்’ (பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடைத்தண்டை நெஞ்சுவரை இறக்கி மேலே எழுப்பும் தூக்கல்) என்பதற்கு ‘நெஞ்சழுத்தம்’ என்றும், நடுவர் கொடுக்கும் ‘பிரஸ்’ கட்டளைக்கு ‘அழுத்து’ என்றும் கண்டேன். முதற்சொல் இதயநோய்ப் பிரிவை நினைவூட்டுகிறது என்பது சிறிய குறைதான். இரண்டாவது சொல்லோ விதி எதைத் தடுக்கிறதோ அதையே செய்யச் சொல்கிறது.

பன்னாட்டு வலுதூக்கல் கூட்டமைப்பின் விதிப்படி, வீரர் முழங்கைகளை நீட்டி இறுக்கியபடி தண்டை அசையாமல் பிடித்திருக்கையில், தலைமாட்டில் நிற்கும் தலைமை நடுவர் கையைக் கீழே வீசி ‘ஸ்டார்ட்’ என்பார். வீரர் தண்டை நெஞ்சுக்கோ வயிற்றுப் பகுதிக்கோ இறக்கி அசைவறச் செய்த பிறகே ‘பிரஸ்’ என்ற குரல் வரும். இதற்குக் கைச்சைகை கிடையாது, காதால் கேட்பது மட்டும்தான். மேலே கொண்டுபோய் முழங்கைகளை இறுக்கி நிறுத்தியதும், கையைப் பின்னோக்கி அசைத்து ‘ரேக்’ (தண்டைத் தாங்கியில் திரும்ப வை) என்பார். இரண்டாம் கட்டளை வரும் நொடியில் தண்டு நெஞ்சின்மேல் கிடக்கிறது. தமிழில் ‘அழுத்து’ என்றால், தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் விசையைச் செலுத்து என்று பொருள்: பொத்தானை அழுத்துகிறோம், காயத்தின்மேல் பஞ்சை வைத்து அழுத்துகிறோம். ஆக, அக்கட்டளையைக் கேட்கும் புதியவர் தண்டை நெஞ்சுக்குள் அமிழ்த்தினால் அவர்மேல் தவறில்லை. ஆனால் விதிப்படி அது குற்றம். தூக்கல் செல்லாது என்று சிவப்பு விளக்கு எரியும்.

இது ஏட்டளவிலான ஐயமன்று. மன்னார்குடிப் பக்கம் ஒரு பயிற்சிக் கூடத்தில் தமிழ்க் கட்டளைகளைச் சொல்லிப் பார்த்தபோது, ‘அழுத்து’ என்றதும் ஒரு பையன் தண்டை இன்னும் ஒரு விரற்கடை நெஞ்சில் புதைத்து, அந்த எதிர்விசையில்தான் மேலே எழுப்பினான். ‘பிரஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அவனே சரியாகச் செய்து பழகியிருந்தான்.

மாற்றுச் சொற்களுள் ‘தூக்கு’ இப்போட்டியின் மூன்று வகைத் தூக்கலுக்கும் (ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட்) பொதுவாகிவிடுகிறது. ‘ஏற்று’ நல்ல சொல். ஆயினும் தண்டில் வட்டுகளை ஏற்றுவதற்கு அது முன்பே தேவைப்படுகிறது. ‘தள்ளு’ எல்லாத் திசைக்கும் செல்லும். ‘உந்து’ என்பதில் தன் உடலிலிருந்து வெளிநோக்கிச் செலுத்தும் விசை தெளிவாக இருப்பதோடு, உந்துவிசை என்ற வழக்கும் பாடநூல்களால் ஊன்றிவிட்டது. எனவே கட்டளை ‘உந்து’, தூக்கலின் பெயர் ‘மல்லாந்து உந்தல்’ என்பது என் பரிந்துரை. ‘கிடையுந்தல்’ என்று சுருக்கலாமே என நண்பர் ஒருவர் கேட்டார். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டுப் பழகிய எங்கள் டெல்டாக்காரர்களிடம் அதைச் சொன்னால் எத்தனை ஆடு என்றுதான் கேட்பார்கள்.

அடுத்தது, நெஞ்சின்மேல் தண்டு அசைவறும் நிலை. கூடங்களில் இதை ‘பாஸ்’ என்கிறோம். பட்டியலில் ‘இடைநிறுத்தம்’ என்றிருக்கிறது. ஒரு நொடி எண்ண வேண்டும், இரண்டு நொடி எண்ண வேண்டும் என்று பிள்ளைகள் மனத்தில் கணக்கு வைத்துக்கொள்வதற்கு இவ்வகைச் சொற்களும் ஒரு காரணம். விதியில் நொடிக்கணக்கே இல்லை. தண்டு அசைவற்றதென்று நடுவர் காண வேண்டும், அவ்வளவே. துள்ளவிடாமல் இறக்குபவருக்குக் கட்டளை விரைவில் கிடைக்கும், ஆடிக்கொண்டிருப்பவர் காத்துக் கிடப்பார். திருவாரூர் ஆழித்தேர் ஓடி முடித்துத் தன் இடத்தில் அசைவற்று நின்றதைத் ‘தேர் நிலைக்கு வந்துவிட்டது’ என்கிறோமே, அந்த ‘நிலை’ இங்கே பொருந்தும். ‘நெஞ்சுநிலை’ என்று வைத்துக்கொண்டால், “தண்டு நெஞ்சுநிலைக்கு வருமுன் உந்தினார்” என்று நடுவர் குறிப்பை ஒரே வரியில் எழுதிவிடலாம்.

2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிக்கும் பெயர் வேண்டும். தண்டை இறக்கும்போது இரு முழங்கை மூட்டுகளின் அடிப்பகுதியும் அந்தந்தத் தோள்மூட்டின் மேற்பரப்புக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ வந்தாக வேண்டும் என்பது அவ்விதி. முதுகை வில்லாக வளைத்து, அனுமதிக்கப்பட்ட 81 சென்டிமீட்டர் பிடியகலத்தையும் முழுதாகப் பயன்படுத்தி, தண்டைச் சாண் அளவுகூட நகர்த்தாமல் வெள்ளை விளக்கு வாங்குவதைக் கட்டுப்படுத்த வந்தது. வளைப்பது இன்றும் குற்றமன்று; தலை, தோள்கள், பிட்டம் ஆகியவை பெஞ்சிலும் பாதங்கள் முழுமையாகத் தரையிலும் படிந்திருந்தால் போதும். ஆகவே ‘வளைவுத் தடை’ என்று பட்டியலில் உள்ளதை நீக்கி, ‘முழங்கைத் தாழ்வு’ என்று இடலாம். ‘பெஞ்சு’ அப்படியே இருக்கட்டும். டீக்கடையில் நூறாண்டாக உட்கார்ந்திருக்கும் சொல்லை எழுப்பிவிட்டு விசிப்பலகையைப் போட வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது ‘ரேக்’. ‘இறக்கு’ என்பதை எக்காரணம் கொண்டும் ஏற்கலாகாது; களைத்த கைகளோடு இருப்பவர் தண்டை மறுபடியும் நெஞ்சுக்கே கொண்டுவந்துவிடுவார். ‘வை’ சரியான பொருள் தருகிறது, ஆனால் கூச்சல் மிகுந்த அரங்கில் ஓரெழுத்துச் சொல் காதில் விழுமா என்று தயங்குகிறேன். ‘தாங்கியில் வை’ நீளமாக இருக்கிறது. ஈரசைக்குள் அடங்கும் சொல் யாரிடமேனும் இருந்தால் எழுதுங்கள். கூடத்தில் சொல்லிப் பார்த்துவிட்டுத் தெரிவிக்கிறேன்.