பெயர் மறைத்துச் சுருட்டுச் சுவைக்க: 65 சதவீத ஈரப்பதப் பை கொழும்பில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். பெயரும் விலையும் தெரிந்துவிட்டால் நாக்கும் அதற்கேற்பத்தான் சொல்லும். அதனால் சுருட்டில் சுற்றியிருக்கும் பெயர் அச்சிட்ட தாள் வளையத்தைக் கழற்றி, எண் மட்டும் ஒட்டிச் சுவைக்கப் போகிறோம். எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிப்பு. மெல்லிய சுருட்டில் மேலிலையின் (வெளியே சுற்றிய இலையின்) சுவை தூக்கலாக நிற்கும், ஒப்பிட முடியாது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, வேகம் கூடினால் சூடேறிக் கசக்கும்.

சிக்கல் ஈரம்தான். கொழும்புக் காற்றில் திறந்து வைத்தால் சுருட்டு ஈரம் குடித்து ஒரு பக்கமாக எரியும், அடிக்கடி அணையும். ஏசி அறையில் மேலிலை வெடிக்கும்.

சுருட்டோடு மூடி வைத்தால் ஈரத்தை ஏற்றியும் இறக்கியும் 65 சதவீதத்தில் நிறுத்தும் சிறு பைகள் வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ கிடைக்குமா? இன்னொன்று: ஈரமானி (காற்றின் ஈரப்பதம் அளக்கும் கருவி) சரியா என்று பார்க்க, போத்தல் மூடியில் உப்பைச் சிறிது தண்ணீரில் குழைத்து, அதனோடு காற்றுப்புகாத பையில் ஓர் இரவு வைத்தோம். குழைத்த உப்பு பைக்குள் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் நிறுத்தும் என்பதால் 75 காட்டவேண்டியது, 70 காட்டுகிறது. 5 கூட்டி வாசித்தால் போதுமா, 65 அளவிலும் அதே பிழைதான் இருக்குமா? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.