பிள்ளைங்கள ஓடியாட வைக்க பெத்தவங்க சேர்ந்து ஏதாச்சும் பண்ணலாம்னு இருக்கோம், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

ரெண்டுபிள்ளைஅம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க குடியிருப்புல 5 வயசுலேர்ந்து 13 வயசு வரைக்கும் இருபது பிள்ளைங்களுக்கு மேல இருக்கு, ஆனா சாயங்காலம் கீழ இறங்கி பாத்தா ஒரு பிள்ளை இருக்காது, ஸ்கூல் விட்டு வந்தா ஹோம்ஒர்க், அது முடிஞ்சா மொபைல். என் பெரியவனுக்கு 9 வயசு. போன வாரம் ரெண்டு மாடி ஏறுனதுக்கே கைப்பிடிய புடிச்சிக்கிட்டு நின்னுட்டான், அவன் மூச்சு வாங்குன சத்தம் எனக்கு இன்னும் காதுலயே இருக்கு. வயசுக்கு எடை ஜாஸ்தின்னு டாக்டரும் சொல்லிட்டாங்க. அவன மட்டும் போய் ஓடுடான்னு சொன்னா தண்டனை குடுக்குற மாதிரி ஆயிடுது, அழுதுடுறான்.

அதனால நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து எல்லா பிள்ளைங்களுக்கும் பொதுவா ஏதாச்சும் செய்யலாம்னு பேசிட்டு இருக்கோம். அதுல ஒருத்தர், மாசாமாசம் எல்லாருக்கும் எடை போட்டு சார்ட் ஒட்டுவோம், குறைச்ச பிள்ளைக்கு பரிசு குடுப்போம்னு சொல்றார். எனக்கு மனசு ஒப்பல, ஆனா ஏன் வேணாம்னு எடுத்து சொல்லத் தெரியல. கோச் வைக்கணுமா? ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் விளையாடணும்? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்களேன்.

பழைய பிடி வாத்தியார்:
அம்மா, அந்த சார்ட் மட்டும் வேணவே வேணாம். நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு ஸ்கூல்ல இதே தப்ப பண்ணோம். பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சி எடை போட்டு நம்பர சத்தமா படிச்சோம், நான்தான் படிச்சேன். ஒரு பையன் மெஷின் மேல ஏறுறதுக்கு முன்னாடி ஷூவ கழட்டுனான், அப்புறம் சாக்ஸ கழட்டுனான், அப்புறம் பாக்கெட்ல இருந்த பென்சிலையும் ரப்பரையும் எடுத்து கீழ வெச்சான். அடுத்த வாரத்துலேர்ந்து விளையாட்டு பீரியட் வந்தாலே அவனுக்கு வயித்து வலி. அவன மறுபடி கிரவுண்டுக்கு கூட்டிட்டு வர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

கணக்காவும் அது தப்புதான். வளர்ற பிள்ளைக்கு உயரம் ஏற ஏற எடையும் ஏறத்தான் செய்யும். பெரியவங்களுக்கு பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்ளோங்கிற கணக்கு, 25க்கு மேல போனா எடை ஜாஸ்தி, 30க்கு மேல போனா உடல் பருமன்னு பாக்குறது பிள்ளைங்களுக்கு செல்லாது, வயசு, ஆணா பொண்ணான்னு பாத்து வளர்ச்சி அட்டவணையோட ஒப்பிட்டுதான் சொல்லணும். அது டாக்டர் ரூம்ல பேசுற விஷயம், நோட்டீஸ் போர்டுல ஒட்டுறது இல்ல. நீங்க எண்ணணும்னா எத்தன பேர் விளையாட வந்தாங்கன்னு எண்ணுங்க போதும்.

நேரம் கேட்டீங்களே, 5 முதல் 17 வயசுக்கு வாரம் முழுக்க சராசரியா பாத்தா ஒரு நாளைக்கு 60 நிமிஷமாவது வரணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லியிருக்கு. கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி இருக்கணும், பேச முடியணும் ஆனா பாட்டு பாட முடியக்கூடாது, அதான் அளவு. வாரத்துல 3 நாளாவது குதிக்கிறது, ஏறுறது, தொங்குறதுன்னு எலும்புக்கும் தசைக்கும் வேலை குடுக்குறதும் சேரணும். 60 நிமிஷமும் ஒரே மூச்சுல வேணாம், காலைல 15, ஸ்கூல்ல 20ன்னு சேர்ந்தாலும் கணக்குதான்.

கோச் இப்போதைக்கு வேணாம். அவுட் ஆனா வெளில உக்காரணும்ங்கிற விளையாட்ட மட்டும் தவிர்த்துடுங்க, ஏன்னா மெதுவா ஓடுற பிள்ளைதான் முதல்ல அவுட் ஆகும், அப்புறம் முக்கால்வாசி நேரம் அது உக்காந்தே இருக்கும், யாருக்கு ஓட்டம் தேவையோ அவங்களுக்கே கிடைக்காது.

நடந்துபோவோம்:
வாத்தியார் சொன்னத அப்படியே வழிமொழியிறேன். நாங்க ஸ்கூலுக்கு நடக்குறதுல ஆரம்பிச்சோம். ரெண்டு பெரியவங்க, ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் பின்னாடி, குறிச்ச நேரத்துக்கு குறிச்ச இடத்துல நின்னு பிள்ளைங்கள சேர்த்துக்கிட்டே போறது, நடக்குற பஸ்னு சொல்லுவாங்க, 1990கள்ல ஆஸ்திரேலியாவுல டேவிட் எங்விட் கிளப்பி விட்ட யோசனை. முதல் வாரம் 4 பிள்ளைங்கதான். எங்களுக்கு கஷ்டமா இருந்தது பிள்ளைங்க இல்ல, பெரியவங்க முறை வெச்சி வர்றதுதான், அதனால யாரு எந்த நாள்னு எழுதி, அவங்க வர முடியலன்னா மாத்து ஆளு யாருன்னும் எழுதி வெச்சிடுங்க, ஒரு நாள் ஆள் வராம போச்சுன்னா மறுநாள் பாதி பிள்ளைங்க வராது.

ஸ்கூல்ல பேச முடிஞ்சா டெய்லி மைல் பத்தி சொல்லுங்க. 2012ல ஸ்காட்லாந்து ஸ்டர்லிங்ல ஒரு ஆரம்பப் பள்ளி தலைமை ஆசிரியர் எலேன் வைலி ஆரம்பிச்சது. தினம் 15 நிமிஷம் வகுப்போட வெளில போய் அவங்கவங்க வேகத்துல ஓடலாம் நடக்கலாம், யூனிஃபார்ம் மாத்த வேணாம், போட்டி கிடையாது.

இரவுப்பணி நர்ஸ்:
ரெண்டு விஷயம் சேர்த்துக்கோங்க அக்கா. ஓட்டத்த மட்டும் நம்பி எடை குறையும்னு காத்திருந்தா ஏமாற்றமா இருக்கும், தூக்கம், இனிப்பு பானம், ஸ்க்ரீன் எல்லாம் சேர்ந்துதான் மாறணும். 6 முதல் 12 வயசுக்கு 9லேர்ந்து 12 மணி நேர தூக்கம் வேணும், ராத்திரி மொபைல் கைல இருந்தா அது நடக்காது. அமெரிக்காவுல சோமர்வில்ங்கிற ஊர்ல 2000கள்ல ஸ்கூல் சாப்பாடு, நடைபாதை, வீடு எல்லாத்தையும் ஒண்ணா மாத்தி பாத்தாங்க, மத்த ஊர் பிள்ளைங்களோட ஒப்பிட்டா முதல் வருஷமே பி.எம்.ஐ ஏற்றம் குறைஞ்சிருந்துது. பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா மொத்த ஊருக்கும் அது நடந்துது. எடை அசையலன்னாலும் விளையாடுறதால இதயம், எலும்பு, தூக்கம், மனசு எல்லாத்துக்கும் நல்லது, அத எடையோட முடிச்சு போடாதீங்க.

அப்புறம் பொண்ணு பிள்ளைங்க. உலக அளவுல 2016 கணக்குப்படி 11 முதல் 17 வயசுல போதுமான அளவு உடம்ப அசைக்காதவங்க பையன்கள்ல 78 சதவீதம், பொண்ணுங்கள்ல 85. விளையாடுற இடத்த பையன்கள் மொத்தமா புடிச்சிக்கிட்டா அவங்க ஓரமா நின்னு பேசிட்டு போயிடுவாங்க. என்ன விளையாடலாம்னு அவங்கள கேட்டு அவங்களுக்குன்னு நேரம் ஒதுக்குங்க. பக்கத்துலயே டாய்லெட் இருக்கான்னும் பாருங்க.

மூச்சு வாங்குறத டாக்டர்கிட்ட தனியா சொன்னீங்களா? ஆஸ்துமா இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கிறது நல்லது.

ரெண்டுபிள்ளைஅம்மா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். வாத்தியார் சார், அந்த பென்சில் ரப்பர் விஷயத்த அப்படியே குரூப்ல படிச்சி காட்டுனேன், சார்ட் ஒட்டலாம்னு சொன்னவரே வேணாம்னு சொல்லிட்டார். மூச்சு விஷயம் சொல்லல தங்கச்சி, திங்கக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். நாளைலேர்ந்து சாயங்காலம் 5.30க்கு நானும் இன்னொருத்தரும் கீழ நிக்கிறோம், பந்து ரெண்டு, கயிறு ஒண்ணு. அவுட் இல்லாத விளையாட்டு சின்னவங்களும் பெரியவங்களும் சேர்ந்து ஆடுற மாதிரி ரெண்டு மூணு இருந்தா சொல்லுங்க சார்.