இறக்கத்தில் பிரேக்: கணக்கில் நிறை அடிபட்டுப் போகிறதே?

சாய்தளம் கேட்டது:
10% இறக்கம், 60 கி.மீ. வேகம், காய்ந்த சாலை, உராய்வுக் கெழு 0.7. கணக்குப் போட்டால் 27.5 மீட்டரில் வண்டி நிற்கிறது. நிறை அடிபட்டுப் போவதால் காலி வண்டிக்கும் பாரவண்டிக்கும் இதே விடைதான். ஓட்டுநர்கள் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. எங்கே பிசகு?

உராய்வு:
முதலில் கோணம். 10% என்றால் 10 பாகை இல்லை. கிடையாக 100 மீ. போனால் 10 மீ. இறக்கம், அதாவது 5.7 பாகை. வேகத்தடுப்பு (வேகம் குறையும் வீதம்) 0.7 × 9.8 × 0.995 − 9.8 × 0.0995 = 5.85 மீ/வி². இதில் 0.995, 0.0995 என்பவை 5.7 பாகையின் கொசைன், சைன். தூரம் 23.7 மீ. சமதளத்தில் 20.2 மீ. ஈரச் சாலையில் கெழு 0.4 ஆனால் சமதளத்தில் 35.4 மீ. என்பது இந்த இறக்கத்தில் 47.5 ஆகிவிடும். பிடிப்பு குறையக் குறைய அதே சரிவு அதிகமாகக் கடிக்கும்.

நிறை அடிபடுவது டயர் வழுக்கும் விளிம்புவரை பிரேக் பிடிக்கும்போது மட்டும்தான். அதற்குக் கீழே பெடல் தருவது ஒரு குறிப்பிட்ட விசை. 6000 நியூட்டன் என்று வையுங்கள்: 1200 கிலோ வண்டி இதே இறக்கத்தில் 34.5 மீட்டரில் நிற்கும், 1600 கிலோ ஆனால் 50 மீ.

கொதிநிலை:
இது ஒரு தடவை நிறுத்துவதற்கான கணக்கு. நீண்ட இறக்கத்தில் ஆளைக் கவிழ்ப்பது வெப்பம். 60 கி.மீ. வேகத்தின் இயக்க ஆற்றல், 14 மீ. உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றலுக்குச் சமம். வேகம் கூடாமல் 100 மீ. உயரம் இறங்கினாலே, 60-லிருந்து ஏழு தடவை நிறுத்திய சூடு. காற்றுத்தடை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி பிரேக்குக்கு. 12 டன் லாரி 36 கி.மீ. வேகத்தில் இதே சரிவில் இறங்கினால் 117 கிலோவாட்! பிரேக் டிரம் (சக்கரத்தோடு சுழலும் உருளை) தாங்காது. எஞ்சின்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். கீழ்க் கியரை இறக்கம் தொடங்குமுன்பே போட்டுவிட வேண்டும். வேகமெடுத்தபின் மாற்றப்போய் கியர் விழாவிட்டால் நியூட்ரலில் உருளும்.

சாய்தளம்:
சூடேறிவிட்டது என்று காலுக்குத் தெரியுமா?

கொதிநிலை:
தெரியும். பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் லைனிங் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை) சூட்டில் பிடிப்பிழந்திருக்கிறது. பெடல் பஞ்சாக அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் விழுந்திருக்கிறது. டாட் 4 என்ற தரப் பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், 3.7% நீர் உறிஞ்சியபின் 155தான்.

உராய்வு:
நிறுத்திய கையோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு டிரம் விரிசல் விடும்.