போய்க்கொண்டே சுழலும் சத்துக்கு ஒரு சொல்: ‘புரியோட்டம்’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடும் தண்ணீரில் பயிர்ச்சத்து சுற்றிக்கொண்டே கீழே நகர்வதை ஆங்கிலத்தில் ‘நியூட்ரியண்ட் ஸ்பைரலிங்’ என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். ‘சத்துச் சுருளல்’, ‘போசணைச் சுருளாக்கம்’, ‘சுழலோட்டம்’ என்று மூன்று சொற்கள் வந்தன. பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. மூன்றையும் என் பாட வரைவில் போட்டு வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். ஒன்றும் உட்காரவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன்னால், இந்தச் சொல் எனக்கு எப்படித் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் உழவர்களிடம் பேசப் போயிருந்தேன். பள்ளிப் பாடத்தில் இருப்பதைத்தான் சொன்னேன். வெயிலின் ஆற்றலைப் பயிர் பிடிக்கிறது. பயிரைப் பூச்சி தின்கிறது. பூச்சியைத் தவளை, தவளையைப் பாம்பு. ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும், அடுத்த படிக்குப் போவது தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான். 1942இல் லிண்டமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு அது. கழிந்த வெப்பம் திரும்பாது, ஆகவே ஆற்றலுக்கு ‘ஓட்டம்’. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அழியாது, மட்கி மறுபடி வேருக்கு வரும், ஆகவே பொருளுக்குச் ‘சுழற்சி’. பலகையில் ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் அம்புக்குறியும் போட்டேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்: “வட்டமா சுத்துதுன்னா என் வயலுக்கேல்ல திரும்பி வரணும்? அப்புறம் எதுக்குத் தம்பி போகத்துக்குப் போகம் டிஏபி மூட்டைக்கு அலையிறேன்?”

ஒரு பங்கு நெல்லோடு லாரி ஏறிப் போய்விடுகிறது என்றேன். தண்ணீர் கட்டிய சேற்றில் தழைச்சத்து கொஞ்சம் வாயுவாகிக் காற்றோடு போகிறது என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். “சரி, வடிகால்ல போறது?” என்றார்.

அந்தக் கேள்விக்கு என் வட்டத்தில் இடமே இல்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. டெல்டாவில் மேல்வயலில் வடியும் தண்ணீர்தான் பல இடங்களில் கீழ்வயலுக்குப் பாயும் தண்ணீர். அதில் பாஸ்பேட்டாகக் கரைந்து வரும் மணிச்சத்தை வாய்க்கால் பாசி பிடித்துக்கொள்கிறது. பாசியை நத்தை மேய்கிறது. நத்தையின் கழிவும் செத்த நத்தையும் சேற்றில் மட்குகின்றன, நுண்ணுயிர்கள் பாஸ்பேட்டை மறுபடி தண்ணீரில் விடுகின்றன. ஒரு சுற்று முடிந்தது. ஆனால் தொடங்கிய இடத்தில் முடியவில்லை. அதற்குள் தண்ணீர் அதைக் கீழே தள்ளிவிட்டது. அடுத்த சுற்று இன்னொரு மதகுக்குக் கீழே, ஒரு கோரைத் தண்டிலோ நெல்வேரிலோ நடக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் மூணாறு தலைப்பு என்ற இடத்தில், காவிரியின் கிளையான வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அங்கே தொடங்கி முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் மணிச்சத்து இப்படித்தான் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. வெறும் ஓட்டம் என்றால் பிழை, வெறும் சுழற்சி என்றாலும் பிழை.

இந்த இரட்டை நடைக்குத்தான் 1970களில் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘ஸ்பைரலிங்’ என்று பெயர் வைத்தார். பிறகு நியூபோல்டும் உடனிருந்தவர்களும் அதை அளக்கும் வழியைக் கண்டார்கள். அமெரிக்காவின் டென்னசியில் வாக்கர் பிராஞ்ச் என்ற காட்டோடையில் கதிரியக்க பாஸ்பரசை விட்டுப் பின்தொடர்ந்தார்கள். முடிவு 1983இல் வெளிவந்தது. ஒரு பாஸ்பரஸ் அணு ஒரு சுற்றை முடிக்கச் சராசரியாக 18.4 நாள். அதற்குள் ஓடையில் அது நகர்ந்த தூரம் 190 மீட்டர். அதில் 165 மீட்டர் தண்ணீரில் கரைந்தபடி போனது. மிச்சம் 25 மீட்டர்தான் சருகிலும் துகளிலும் உயிர்களிலும் ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. ஆக, நமக்கு வேண்டியது ஒரு சொல் மட்டும் அல்ல. மொத்தத் தூரத்துக்கு ஒன்று, அதன் இரண்டு பகுதிகளுக்கு இரண்டு என்று குட்டி போடக்கூடிய சொல் வேண்டும்.

இப்போது வந்த சொற்களுக்கு வருகிறேன். ‘சுருள்’ என்றதும் ஓலைச்சுருளும் முடிச்சுருளும்தான் நினைவுக்கு வரும். சுருள்வது தனக்குள்ளேயே ஒடுங்குவது, அதில் முன்னே போகும் அசைவு இல்லை. ‘சுழலோட்டம்’ என்றால் மதகுக்குக் கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு நிற்குமே, அதைத்தான் எங்கள் பக்கம் நினைப்பார்கள். இங்கே தண்ணீர் நேராகவே ஓடலாம், சுற்றுவது சத்து. ‘போசணை’ இலங்கைப் பாடநூல்களில் வேரூன்றிய சொல், அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் காவிரிப் படுகையில் ‘சத்து’ என்றால் விதை விடுகிறவருக்கும் விளங்கும். ‘ஊட்டம்’ வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. ஆற்றல் கணக்கில் உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படிக்கும் ‘ஊட்ட மட்டம்’ என்று அதை ஏற்கெனவே வைத்திருக்கிறோம், இரண்டும் குழம்பும்.

எனக்கு இந்தச் சொல் களத்திலிருந்து கிடைத்தது. சின்ன வயதில் அறுவடை முடிந்ததும் மாமாவோடு வைக்கோல் பிரி திரிப்பேன். மாமா வைக்கோல் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். நான் ஒரு வளைந்த குச்சியில் முதல் பிடி வைக்கோலை மாட்டி, குச்சியைச் சுற்றிக்கொண்டே பின்னால் நடப்பேன். ஒரு கை வைக்கோலை அவர் விட விட, முறுக்கேறி நீண்டுகொண்டே வரும். சுற்றாமல் நடந்தால் வைக்கோல் பிய்ந்து கையோடு வந்துவிடும். நடக்காமல் சுற்றினால் ஒரே இடத்தில் முடிச்சு விழும். “நடந்துகிட்டே சுத்துடா” என்பார். அவசரமாக நடந்தால் பிரி தொளதொளவென்று இருக்கும், நெல் பட்டறை கட்ட ஆகாது என்று பிரித்துப் போட்டு மறுபடி திரிக்கச் சொல்வார்.

போன வாரம் பாட வரைவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல்தான் காதில் விழுந்தது. பேச்சில் ‘பிரி’, எழுத்தில் ‘புரி’. வலம்புரிச் சங்கில் இருப்பதும் முப்புரிநூலில் இருப்பதும் திருகாணியில் ஓடுவதும் இதே புரிதான். ஸ்பைரலுக்குத் தமிழில் இதைவிடப் பழகிய சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘சத்துப் புரியோட்டம்’, சுருக்கமாகப் ‘புரியோட்டம்’. ஒரு சுற்று முடிவதற்குள் சத்து நகரும் தூரம் ‘புரிநீளம்’. கரைந்த சத்தை ஓர் உயிரோ சேறோ பற்றிக்கொள்ளும் வரை தண்ணீரில் அது போகும் தூரம் ‘பற்றுநீளம்’. பற்றியபின் மறுபடி தண்ணீருக்குள் விடப்படும் வரை நகரும் தூரம் ‘விடுநீளம்’. வாக்கர் பிராஞ்சில் பற்றுநீளம் 165, விடுநீளம் 25, புரிநீளம் 190 மீட்டர் என்று ஒரே மூச்சில் எழுத முடிகிறது.

சொல் அதோடு நிற்கவில்லை, ‘முறுக்கு’ என்ற துணையும் கூடவே வருகிறது. புரிநீளம் குறுகினால் முறுக்கு இறுக்கம்: ஓர் அணுவை ஒரே வாய்க்கால் பல தடவை பயன்படுத்திக்கொள்கிறது. நீண்டால் முறுக்கு தளர்வு: சத்து பயன்படாமலே கடலுக்குப் போகிறது. வெள்ளத்தில் கொள்ளிடத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீரின் அளவும் வேகமும் கூடக்கூடப் பற்றுநீளம் கூடும், பாசிக்கும் சேற்றுக்கும் பிடிக்க நேரம் இருக்காது. அதே தண்ணீர் கிளை வாய்க்கால்களில் மெல்ல ஊர்ந்து, கோரைக்கும் அல்லிக்கும் நடுவே போனால் முறுக்கு ஏறும். கரையையும் தரையையும் சிமெண்ட் பூசி நேராக்கிய வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்குச் சீக்கிரம் போகும். கடைமடைக்காரருக்கு அது தேவை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சத்தைப் பிடித்து வைக்கும் சேறும் செடியும் அங்கே இல்லை, புரி தளர்கிறது. மேலே சொன்ன பெரியவரிடம் இதை இப்படிச் சொன்னால் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. தளர்ந்த பிரி எதற்கும் ஆகாது என்று அவர் கைக்கே தெரியும்.

வரக்கூடிய மறுப்புகளில் இரண்டுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன்.

> ‘புரி’ என்றால் ‘விளங்கு’ என்றுதான் வாசிப்பார்கள்.

வினையாக எழுதினால் அந்தக் குழப்பம் வரும். ‘சத்து புரிகிறது’ என்று எழுதவே கூடாது. ‘புரியோடுகிறது’ என்று எழுதலாம். பெயர்ச்சொல்லாக ‘புரியோட்டம்’, ‘புரிநீளம்’ என்று ஒட்டி வரும்போது யாரும் தடுமாறமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. வலம்புரி என்றதும் வலப்பக்கமாக விளங்கிக்கொள்வது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே.

> அப்படியானால் ஆற்றலுக்கும் ‘ஆற்றல் புரியோட்டம்’ என்று சொல்லலாமா?

கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். சருகில் இருக்கும் கரிமம் ஓடையில் புரியோடும், அதனால் ‘கரிமப் புரியோட்டம்’ சரி. அந்தச் சருகைத் தின்னும் பூச்சி மூச்சுவிடும்போது வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து மறுபடி உணவாக்க எந்த உயிராலும் முடியாது. ஆற்றலுக்கு ‘ஓட்டம்’ என்பதே இருக்கட்டும். அந்தப் பெரியவருக்கு நான் சொன்னதில் சரியாக இருந்த பாதி அதுதான்.

தேங்கிய குளத்துக்கும் மேட்டு நிலத்துக்கும் ‘சுழற்சி’ போதும். குறுவைத் தாளை மடக்கி உழுது அதன்மேல் தாளடி நடும்போது, தாளில் இருந்த சத்து அதே வயலில் மட்கி அடுத்த பயிருக்குப் போகிறதே, அது நல்ல சுழற்சி. கோடையில் தரிசு வயல்களில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவது இன்னொரு வகை. ஓரிடத்தில் மேய்ந்த சத்து இன்னோர் இடத்தில் புழுக்கையாக இறங்குகிறது. நகர்வு உண்டு, ஆனால் அது தண்ணீரின் போக்கில் இல்லை, ஆட்டின் காலில். கொக்கு மேற்கே பறந்துபோய் எச்சமிட்டால் சத்து ஆற்றுக்கு எதிராகவே ஏறிவிடும். இவற்றுக்கெல்லாம் ‘புரியோட்டம்’ என்ற சொல்லை இழுக்க வேண்டாம். ஒரே திசையில் ஓடும் நீருக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். முத்துப்பேட்டைக் கழிமுகத்தில் கடல் ஏற்றத்தில் தண்ணீர் திரும்பி வருவதால் அங்கும் தனிச்சொல் வேண்டியிருக்கும். அதை வேறு இழையில் பேசலாம்.

‘விடுநீளம்’ மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவாக இல்லை. அந்தத் தூரத்தில் சத்து பெரும்பாலும் உயிருக்குள்ளேயும் சேற்றிலும் தங்கித்தான் இருக்கிறது, கடைசி நொடியில்தான் விடுபடுகிறது. ‘தங்குநீளம்’ என்றால் இன்னும் பொருந்துமோ? ஆனால் தங்குவதற்கு ஏது நீளம் என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வது? நெல்லைப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் வைக்கோற்புரி திரித்த கைகள் இந்தக் குழுமத்தில் இருந்தால், முறுக்கை நிறுத்தி அடுத்த பிடி வைக்கோல் சேரும்வரை காத்திருக்கும் அந்த நேரத்துக்கு உங்கள் ஊரில் ஏதாவது சொல் இருக்கிறதா என்று எழுதுங்கள். பாட வரைவை வரும் ஞாயிறு வரை திறந்தே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
நீடாமங்கலத்திலிருந்து