ஓட்டுநர் இல்லாத கார் ஏன் நின்றது என்று கண்ணாடியிலேயே காட்ட வேண்டுமா?

வழிப்போக்கன்:
முன்னால் ஒன்றுமே இல்லை, கார் திடீரென்று பிரேக் போடுகிறது. வயிறு பகீர் என்கிறது. ஓரமாக நிற்கும் லாரியின் விளிம்பில் ஒரு வட்டம் போட்டு ‘ஆள் வருகிறார்’ என்று முன்கண்ணாடியில் ஏஆர் (வெளியே தெரியும் காட்சிமேலேயே படம் போட்டுக் காட்டும் தொழில்நுட்பம்) காட்டினால் மனசு அடங்கிவிடும். வேமோ நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத டாக்சியில் சுற்றியுள்ள வண்டிகளையும் நடப்பவர்களையும் காட்டும் திரை பின்சீட்டுக்கு இருக்கிறது. அதைப் பார்க்கத் தலையைத் தாழ்த்த வேண்டுமே!

கடைசிசீட்டு:
தலை தாழ்த்தினால் குமட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடியில் யாருக்குக் காட்டுவீர்கள்? இடப்பக்கம் இருப்பவருக்கு லாரி மேல் விழும் வட்டம், வலப்பக்கம் இருப்பவருக்கு மரத்தின் மேல் விழும். அப்புறம், தெரிந்துதான் என்ன செய்வது? ஸ்டியரிங் என் கையில் இல்லை.

கயல்:
2015இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சிமுலேட்டரில் இதைப் பார்த்தார்கள். ‘கார் பிரேக் போடுகிறது’ என்பதைவிட ‘முன்னால் தடை’ என்ற காரணம்தான் பிடித்திருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஓட்டம் பாதுகாப்பானது, ஆனால் பதற்றம் கூடியது. அது குரல், கேட்டவர்களும் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர்கள். பயணிக்கு அப்படியே பொருந்துமா, தெரியவில்லை.

கடைசிசீட்டு:
2018இல் அரிசோனாவின் டெம்பியில் ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மீது மோதியதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மோதுவதற்கு 5.6 நொடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. வண்டி, வேறு ஏதோ பொருள், சைக்கிள் என்று கணினி மாற்றி மாற்றி நினைத்தது. நினைப்பு மாறும்போதெல்லாம், அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்ற பழைய கணக்கையும் விட்டுவிட்டது. உங்கள் வட்டம் அங்கே எதைக் காட்டியிருக்கும்? கார் நம்புவதைத்தான். உண்மையை அல்ல.

வழிப்போக்கன்:
அந்தக் குழப்பத்தையே காட்டச் சொல்கிறேன்! பெயர் மூன்று தரம் மாறினால், ஓரங்கட்டச் சொல்லும் பொத்தானை நானே அழுத்துவேன்.

கடைசிசீட்டு:
ஐந்தரை நொடிக்குள்ளா? அந்தக் காரில் கண்காணிக்கவென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார், நண்பரே. குழப்பம் என்று காருக்கே தெரிந்தால் வேகத்தைக் குறைக்கட்டும். எனக்குப் படம் காட்டிப் பொறுப்பைத் தலையில் கட்ட வேண்டாம்.

கயல்:
ஓடும்போது ஒன்றும் வேண்டாம். சடாரென்று நின்றால் மட்டும் ஒரே ஒரு காரணம், அதுவும் குரலில்.

வழிப்போக்கன்:
சரி, நின்ற பிறகே சொல்லட்டும். ஆனால் குரலா? பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிட்டு அவருக்கும் விளக்கம் சொல்ல என்னால் ஆகாது.