கோபிக்குச் சிரிப்பு, ராதிகாவுக்குச் சாபம்

கும்பகோணத்துக்காரி:

எங்கள் அம்மா முருங்கைக்கீரை ஆய்வது தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்துதான். 2020இலிருந்து 2025 வரை 'பாக்கியலட்சுமி' தொடர் ஓடிய ஐந்து வருடமும் இதே காட்சி. கீரை ஆயும் சத்தத்தை வைத்தே திரையில் யார் வந்திருக்கிறார்கள் என்று சமையலறையிலிருந்து சொல்லிவிடுவேன். பாக்கியா அழுதால் கை நின்றுவிடும். கோபி மாட்டிக்கொண்டு விழித்தால் சிரிப்பு கேட்கும். ராதிகா வந்துவிட்டால் காம்பும் இலையும் சேர்ந்து முறியும், கூடவே "வந்துவிட்டாள் குடிகேடி" என்று ஒரு வசவும் விழும்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. கோபி பாக்கியாவின் கணவன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ராதிகா அவனுடைய கல்லூரிக் காலத்துக் காதலி. கொடுமைக்காரக் கணவனிடமிருந்து பிரிந்து, மயூ என்ற பெண் குழந்தையோடு வாழ்பவள். பாக்கியாவுக்கு அவள் தோழியும்கூட. தன் தோழியின் கணவன்தான் இந்தக் கோபி என்பது ராதிகாவுக்கு வெகுகாலம் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் கோபி. இந்த வீட்டில் ஒரு பொய், அந்த வீட்டில் ஒரு பொய் என்று மாறி மாறி ஓடியவனும் அவன்தான். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் அம்மாவுக்குச் சிரிப்பு.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "பொய் சொன்னவன் அவன்தானே அம்மா, இவளை ஏன் கரித்துக் கொட்டுகிறாய்?"

"அவன் கிடக்கிறான், ஆண்பிள்ளை. இவளுக்கு எங்கே போயிற்று புத்தி?"

இந்த "அவன் கிடக்கிறான்" எனக்குள் வெகுநாள் கிடந்தது. இடையில் 2021இல் ராதிகாவாக நடித்துவந்த ஜெனிஃபர் விலகி, ரேஷ்மா பசுபுலேட்டி வந்தார். புதியவர் வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, பழையவர் பெயரில் இருந்த வசவெல்லாம் வட்டியும் முதலுமாக இவர் கணக்குக்கு மாறிவிட்டது.

உங்கள் வீடுகளில் எப்படி? கதாநாயகியைச் சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்களைச் சொல்கிறேன். இரண்டாமவள், நாத்தனார், ஓரகத்தி, மாமியார். நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

உங்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். இரண்டாவது பத்தியிலேயே சிரிப்பு போய்விட்டது.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். தமிழ்த் தொடர் என்றால் அறையை விட்டே எழுந்து போகிற ரகம். 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடர் என்றால் மட்டும் விடியவிடியப் பார்ப்பேன். வேதியியல் வாத்தியார் வால்டர் ஒயிட்டுக்குப் புற்றுநோய் வருகிறது. குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைமருந்து காய்ச்சத் தொடங்குகிறான். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மனைவி ஸ்கைலரிடம் ஒவ்வொரு நாளும் ஒரு கதை அளக்கிறான். அவள் கேட்பது ஒரே கேள்விதான், எங்கே போய்விட்டு வருகிறாய் என்பது. அதற்காக அவளை நாங்கள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். அவள் திரையில் வந்தாலே "தொணதொணப்பு வந்துவிட்டது, ஓட்டடா" என்று காட்சியைத் தள்ளிவிடுவோம். அந்த வால்டர் கதை போகப்போக ஒரு சிறுவனுக்கு விஷம் வைக்கிறான். கண்ணெதிரே மூச்சுத் திணறிச் சாகும் பெண்ணைக் காப்பாற்றாமல் நிற்கிறான். என் மடிக்கணினி மூடியில் அவனுடைய தொப்பி போட்ட முகம் ஸ்டிக்கராக மூன்று வருடம் ஒட்டியிருந்தது.

ஸ்கைலராக நடித்த அன்னா கன், 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின் மேல் தொடங்கிய வெறுப்பு தன் மேலேயே திரும்பியதையும், தன்னை எங்கே போனால் கொல்லலாம் என்று ஒருவர் இணையத்தில் விசாரித்திருந்ததையும் அதில் சொல்லியிருந்தார். அடுத்த மாதமே அந்த வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான எம்மி விருது கிடைத்தது. மறு வருடமும் கிடைத்தது. கட்டுரையை நான் மிகத் தாமதமாகத்தான் படித்தேன். படித்த அன்று ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். பசை முழுவதும் போகவில்லை, தொப்பியின் விளிம்பு மட்டும் இன்னும் தெரிகிறது.

உங்கள் அம்மாவாவது கீரை ஆய்ந்துகொண்டே திட்டினார். நாங்கள் ஆங்கிலத் துணைவரிகளைப் படித்துக்கொண்டே திட்டினோம், அவ்வளவுதான்.

மதுரை மொட்டைமாடி:

எங்கள் தெரு முடிதிருத்தும் கடையில் 'எதிர்நீச்சல்' தொடர் ஓடிய காலத்தில் கத்தரியை விட ஆதி குணசேகரன்தான் அதிகம் பேசினார். வீட்டுப் பெண்களை ஏறி மிதிக்கிற அந்தப் பாத்திரத்தின் "இந்தாம்மா, ஏய்" ஊர் முழுக்க வேடிக்கைப் பேச்சானது. என் ஒன்றுவிட்ட அண்ணன் மனைவியைக் கூப்பிடுவதே அப்படித்தான் என்றாகி, அண்ணி ஒருநாள் கரண்டியை ஓங்கிய பிறகுதான் நிறுத்தினான்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து பெரிய நடிகர், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. 2023 செப்டம்பர் 8 அன்று அந்தத் தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மாரடைப்பு வந்து இறந்துபோனார். கடைக்காரர் அன்று கடையையே திறக்கவில்லை. நான் சொல்ல வருவது வேறு. வில்லனாக நடித்த ஆணை இப்படி ஆசையாகக் கொண்டாடத் தெரிந்த எங்களுக்கு, அதே அளவு நன்றாக நடித்த எந்த வில்லியையாவது கொண்டாடத் தெரிந்ததா? யோசித்துப் பார்க்கிறேன், ஒரு பெயரும் வரவில்லை.

பெயர் வேண்டாம்:

நான் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு தொடரில் ஏறக்குறைய இரண்டு வருடம் நாத்தனாராக நடித்தவள். தொடரின் பெயரும் வேண்டாம்.

துணை வேடம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாள் கணக்கில் சம்பளம். மாதத்தில் எட்டு நாளும் வரும், மூன்று நாளோடும் நிற்கும். புடவை, வளையல், தோடு எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும், ஒரு காட்சியில் கட்டியதை அடுத்த வாரம் கட்டக் கூடாது. கதை என்ன என்பது காலையில் முகத்துக்குப் பூச்சு போடும்போதுதான் தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் வசனத்தை வாசிப்பார், கேட்டுக் கேட்டு நாம் சொல்ல வேண்டும். ஒருநாள் அப்படி வாசிக்கக் கேட்டுத்தான், அண்ணி செய்த பாயசத்தில் ஒரு கை உப்பை நான் அள்ளிப் போடப்போகிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. போட்டேன். கையை மட்டும் நான்கு கோணத்தில் எடுத்தார்கள்.

அது ஒளிபரப்பான மறுநாள் சாலிகிராமத்தில் நான் வழக்கமாக வாங்கும் காய்கறிக் கடைக்குப் போனேன். கால் கிலோ கத்தரிக்காய், கால் கிலோ அவரைக்காய். கொசுறாகக் கறிவேப்பிலைக்குக் கையை நீட்டினால் கடைக்காரர் கொத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பாயசத்தில் உப்பு போட்ட கைக்கு என் கடையில் கொசுறு கிடையாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் கொடுக்கவே இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. என் பெரியப்பா பேத்தியின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள், ஆரத்தித் தட்டு என் கையில். மணப்பெண்ணின் அம்மா, என்னோடு பாண்டி ஆடி வளர்ந்த அக்கா, மெதுவாகத் தட்டை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார். "தப்பாக நினைக்காதே. சபையில் எல்லோரும் தொடர் பார்க்கிறவர்கள். நல்ல காரியத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்?" நான் என்ன சொல்ல? சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்து சிவந்த விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். பட்டுப்புடவை. கறை போகவில்லை.

அதே தொடரில் மனைவியை வாரம் ஒருமுறை அறைகிற கணவனாக நடித்தவர் அந்த மாதம் ஒரு கைபேசிக் கடையைத் திறந்துவைக்கப் போனார். பெண்கள் வரிசையில் நின்று அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். இயக்குநரிடம் புலம்பினேன். "திட்டுகிறார்கள் என்றால் நன்றாக நடிக்கிறாய் என்று அர்த்தம்" என்றார். திட்டுக்குத் தனிச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற டீச்சர்:

பெயர் வேண்டாம் என்ற தங்கைக்கு: படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. உங்கள் அக்காவை நேரில் பார்த்தால் நான்கு வார்த்தை கேட்பேன்.

ஆனாலும் எல்லாப் பழியையும் பார்க்கிறவர்கள் தலையில் ஏற்ற எனக்கு ஒப்பவில்லை. ராதிகா தமிழில் பிறந்தவள் அல்ல. 2019இல் வங்காளத்தில் வந்த 'ஸ்ரீமயீ'யின் வழியில் பல மொழிகளுக்குப் போன கதை இது. அங்கே ஜூன், மராத்தியில் சஞ்சனா, தெலுங்கில் லாஸ்யா, மலையாளத்தில் வேதிகா, இந்தி 'அனுபமா'வில் காவ்யா. எந்த மொழியிலும் இரண்டாமவள் வெளியே போய்ச் சம்பாதிப்பவள், முதலாமவள் அடுப்படியில் கிடப்பவள். வங்காள ஜூனோடு ஒப்பிட்டால் நம் ராதிகா எவ்வளவோ சாது. அப்படியும் அவள் வாசலில் கால் வைத்ததும் இடி இடிக்கிறது, முகத்தை மூன்று முறை வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். கோபி திருட்டுத்தனமாக மாடிப்படி ஏறினால் கோமாளிச் சங்கீதம். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே பல்லைக் கடிக்க வேண்டும் என்பதை இசைக்காரரே முடிவு செய்துவிட்ட பிறகு கும்பகோணத்து அம்மா மட்டும் என்ன செய்வார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1983இல் வேலை மாற்றலாகி ஒரு சிற்றூருக்குப் போய்த் தனியாக வீடெடுத்துத் தங்கினேன். வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. எதிர்வீட்டுக்காரர் மாலையில் திண்ணையில் நாற்காலி போட்டுப் பத்திரிகை படிப்பார். நான் குடிபோன மூன்றாம் நாள் அந்த அம்மாள் வந்து நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். மனிதர் இரண்டு வருடம் சுவரைப் பார்த்தபடியே பத்திரிகை படித்தார். என்னோடு அந்த அம்மாள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

அப்போது கோபம் கோபமாக வந்தது. இன்று அந்த அம்மாளை வேறு மாதிரி நினைக்கிறேன். படிப்பு கிடையாது, பிறந்த வீட்டில் யாரும் இல்லை, நான்கு குழந்தைகள். புருஷனைக் கேள்வி கேட்டால் சோற்றுக்கு ஆபத்து. எதிர்வீட்டுக்காரியை முறைத்தால் ஒன்றும் போய்விடாது. அதனால் என்னை முறைத்தார். தொலைக்காட்சிக்கு முன்னால் நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்பது என் அபிப்பிராயம். திட்டுவதை நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

கும்பகோணத்துக்காரி:

டீச்சர், சண்டைக்கு வரவில்லை. நாற்காலி விஷயத்தை மட்டும் நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கேட்காமலேயே, சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

சித்தப்பா ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். சித்தியையும் இரண்டு பையன்களையும் விட்டுவிட்டு மாயவரத்தில் வேறொரு பெண்ணோடு எட்டு வருடம் குடித்தனம் நடத்தினார். நான் சின்னப் பெண். ஞாபகத்தில் இருப்பதெல்லாம் வீட்டுப் பெண்கள் கூடி 'மாயவரத்தாள்' என்று ஒருத்தியைச் சபிப்பதுதான். மண்ணை வாரித் தூற்றியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். அவள் பெயர் என்ன என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சித்தப்பா திரும்பி வந்தார். தலைமுழுகிவிட்டு வந்தார், அவ்வளவுதான் சடங்கு. எல்லாக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்காருவார். நகைச்சுவையாகப் பேசுவார், பந்தியே குலுங்கும்.

"அவருக்கு இரண்டாவது வடை வைத்தவளே நான்தான்" என்றார் அம்மா. மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

ராதிகா விஷயத்தில் மனம் மாறிவிட்டாரோ என்று அவசரப்பட்டுக் கேட்டும் தொலைத்தேன். "அவள் கடைசியில் அவனை விட்டுப் போனாளே, அதை முதலிலேயே செய்திருக்கலாம் இல்லையா?" என்று பழைய வேகத்தில் வெடுக்கென்று வந்தது பதில். கோபியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் பாயசத்தில் உப்பு போட்டவரைப் பற்றி மட்டும் விசாரித்தார். பெயர் வேண்டாம், உங்களுக்குத்தான் கேள்வி: அந்த நாத்தனாரைத் தொடரில் பிறகு என்ன செய்தார்கள்? அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.

பெயர் வேண்டாம்:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரு வியாழக்கிழமை படப்பிடிப்பு இல்லை என்றார்கள். அடுத்த வாரமும் இல்லை. பிறகு தொடரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், நான் புருஷனோடு சிங்கப்பூர் போய்விட்டேன். மாமியார் ஒரு காட்சியில் போகிறபோக்கில் சொன்னார்.

அதெல்லாம் முடிந்து மூன்று வருடமாகிறது. காய்கறிக் கடைக்காரர் இன்றும் "சிங்கப்பூரிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்று கேட்கிறார். கறிவேப்பிலைக்குத் தனியாக ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்கிறார்.